பேஸ் பெட்டிக்குப் புதுப் பிடி: ஆணியை விட்டுட்டு மரத்தைப் பாருங்கோ

இந்தக் கிழமை எபிசோடின் கடைசியில், எங்கள் பேஸ் பெட்டிக்குப் பிடி மாத்தின கதையை இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டேன். ஓட்டை, பலகை, போல்ட் என்று காதால் கேட்டு விளங்கிக்கொள்வது கஷ்டம். அதனால் மிச்சம் முழுக்க இங்கே. பேஸ் வாசிக்காதவர்களும் தொடர்ந்து வாசிக்கலாம். ட்ரம் கேஸ், கருவிப் பெட்டி, பழைய ட்ரங்குப் பெட்டி, எதிலே பிடி கழன்றாலும் கணக்கு இதேதான்.

முதலில் சாமானைப் பற்றி. பத்து அங்குல ஸ்பீக்கர் நாலு, சுற்றிவர மரப்பெட்டி, கீழே காற்றுப் போய்வர ஒரு துவாரம். அவ்வளவுதான். ஆம்ப் தனியாக மேலே இருக்கும். இரண்டு குளியலறைத் தராசுகளை அருகருகே வைத்து, அதன் மேல் பெட்டியை ஏற்றி, இரண்டு எண்ணையும் கூட்டினால் 43 கிலோ. எங்களுக்கு முன்னால் இங்கே பாண்ட் வைத்திருந்த அண்ணாமார் வாணி விழா, கலைவிழா, கல்யாண மண்டபம் என்று பல வருஷம் காவித் திரிந்துவிட்டு எங்களிடம் தந்தது. இப்போது நியூ லின்னில் ஒரு கராஜில் இருக்கிறது. நாங்கள் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் இன்னும் ஹைஸ்கூல்.

ஏன் இவ்வளவு பாரம் என்று கேட்டால், பேஸின் குணம் அப்படி. நாலு கம்பி பேஸ் கிட்டாரின் தடித்த ஈ கம்பி ஒரு செக்கனுக்கு 41 தடவை அதிரும். காற்றில் அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். இளையராஜா பாட்டுகளில் அடியில் ஓடுகிற பேஸ் வரியோ, ரஹ்மானுக்காக கீத் பீட்டர்ஸ் வாசித்ததோ, ஹெட்ஃபோனில் காதுக்குள் சின்னதாகக் கேட்கும். அதையே ஒரு மண்டபத்தில் நெஞ்சில் படும்படி கேட்க வேண்டுமென்றால் நிறையக் காற்றைத் தள்ளவேண்டும். ஒலிபெருக்கி செய்கிறவர்கள் 'ஹாஃப்மன் விதி' என்று ஒன்றைச் சொல்வார்கள். பெட்டி சின்னதாக இருக்கவேண்டும், ஆழமான ஸ்வரம் வரவேண்டும், கொஞ்ச வாட்ஸில் சத்தமாகக் கேட்கவேண்டும்: இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுக்கலாம். கே.எல்.எச். என்ற அமெரிக்கக் கம்பனியின் பெயரில் இருக்கிற 'எச்' இவர்தான். மேடைக்காரர்கள் எப்போதும் கடைசி இரண்டையும் எடுப்பார்கள். எனவே பெட்டி பெரிசாகும். 1969இல் ஆம்பெக் கொண்டுவந்த எட்டு ஸ்பீக்கர் பெட்டிக்கு உலகம் முழுக்கச் செல்லப்பெயர் 'ஃப்ரிட்ஜ்'. அந்த வரிசையில் வருகிற எஸ்விடி-810இ இன்றைக்கும் அறுபது கிலோவுக்கு மேல். அதற்குப் பின்பக்கம் சில்லும், மேலே குறுக்காக ஒரு கம்பியும் பூட்டியிருப்பார்கள். அந்தக் கம்பிக்கு வாசிப்பவர்கள் வைத்த பெயர் 'துவாய்க் கம்பி'. பெயர் சிரிப்பாக இருந்தாலும் யோசித்துச் செய்த பிடி. அதைப் பிடித்துச் சரித்தால் பாரம் சில்லுக்குப் போய்விடும்.

1980களில் வந்த நியோடிமியம் காந்தம்தான் இப்போதைய மெல்லிய பெட்டிகளுக்குக் காரணம். அதே சக்தி, காந்தத்தின் எடை மிகவும் குறைவு. "உந்தப் பெட்டியை ஆருக்கும் குடுத்துட்டுப் புதுசா ஒண்டு வாங்கலாமே?" என்று அம்மா கேட்டா. வாங்கலாம். நாலு ஸ்பீக்கர் நியோ பெட்டி ஒன்றுக்கு ஆயிரம் டொலருக்கு மேல் வேண்டும். எங்கள் பெட்டியில் ஸ்பீக்கர் நாலும் நல்லாத்தான் இருக்கு. பழுதானது இரண்டு பிடிகள் மட்டும்.

அந்தப் பழுது எப்படித் தெரிந்தது? பெட்டியை வானில் இருந்து இறக்கும்போது இடப்பக்கப் பிடி ஒரு பக்கமாகப் பிய்ந்தது. பெட்டி சரிந்து புல்லில் மூலையாக விழுந்தது. பக்கத்தில் நின்றவனுக்கு வயது பதினைந்து, காலில் செருப்பு. அவன் காலுக்கும் பெட்டி மூலைக்கும் நடுவில் ஒரு சாண்தான். அதற்குப் பிறகு பிடியைச் சரிசெய்யாமல் அந்தப் பெட்டியை ஒருவரும் தூக்கக்கூடாது என்று முடிவெடுத்தோம்.

பிய்ந்ததைக் கழற்றிப் பார்த்தோம். கறுப்புப் பிளாஸ்டிக் கிண்ணம், அதற்குள்ளே கைவைக்கும் பட்டை, சுற்றி ஆறு ஸ்க்ரூ. கிண்ணத்தின் ஓரம் வெடித்திருந்தது, அது கண்ணுக்குத் தெரிந்த பழுது. ஸ்க்ரூக்களின் மரையில் மாவு மாதிரி மரத்தூள் ஒட்டியிருந்ததுதான் உண்மையான பழுது. பெட்டி துகள்பலகையில் செய்தது, அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்தி எடுத்த பலகை. அதில் ஒரு ஸ்க்ரூவை இரண்டு மூன்று தடவை கழற்றிப் பூட்டினாலே ஓட்டைக்குள் மரை அழிந்துவிடும். பிறகு ஸ்க்ரூ சுற்றும், ஆனால் இறுகாது. அண்ணாமார் காலத்தில் யாரோ அதே ஓட்டையில் இன்னும் தடித்த ஸ்க்ரூ போட்டிருந்தார்கள். அது ஒரு வருஷம் தாங்கும், பிறகு ஓட்டையும் பெரிசாகிவிடும்.

அப்பாவின் சிநேகிதர் ஒருவர் தச்சுவேலை பழகினவர், மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் படம் அனுப்பினேன். "பிள்ளை, ஆணி மரத்தைப் பிடிக்கிறேல்ல. மரம்தான் ஆணியைப் பிடிக்குது. நீங்கள் கடைக்குப் போறதுக்கு முதல் உந்த மரத்தைப் பாருங்கோ," என்றார். மிச்ச வேலை முழுவதும் அந்த ஒரு வசனத்தின்படிதான் நடந்தது.

பிடியில் இரண்டு வகையான இழுப்பு இருக்கிறது. பெட்டியின் மேல் பலகையில் வார் பிடி இருந்தால், தூக்கும்போது ஸ்க்ரூவை நேராக மேலே பிடுங்குகிறோம். மரத்தில் ஸ்க்ரூவுக்கு ஆகக் கூடாத இழுப்பு அது. பக்கத்துப் பலகையில் பிடி இருந்தால், பாரம் பலகையோடு ஒட்டிக் கீழ்நோக்கி வருகிறது. ஸ்க்ரூவைக் குறுக்கே வெட்டப் பார்க்கும், ஆனால் பிடுங்காது. எனவே பக்கப் பிடி எப்போதும் நல்லது. ஆனால் ஒன்று: பிடி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது கடப்பாரை மாதிரி நெம்பும், மேல்வரிசை ஸ்க்ரூக்களைப் பிடுங்கும். உள்ளே குழிந்த கிண்ணப் பிடியில் நெம்பு குறைவு. அதோடு வாசல் நிலையில் இடிபடவும் மாட்டாது.

நியூ லின்காரர் இதைக் களிமண்ணிலும் பார்க்கலாம். 1989 வரை இங்கே கிரவுன் லின் மட்பாண்டத் தொழிற்சாலை இருந்தது, அதன் சாமான்களை வைத்திருக்கிற தே தோய் உகு அருங்காட்சியகமும் இங்கேதான். ரெயில்வே டீக்கடைகளுக்காக அவர்கள் செய்த தடித்த வெள்ளைக் கோப்பையைப் பாருங்கோ. வீட்டில் ஒரு கோப்பை உடைந்தால் பெரும்பாலும் பிடியின் நடுவில் உடையாது. பிடியும் கோப்பையும் ஒட்டுகிற இடத்தில்தான் உடையும். பெட்டியிலும் கவனம் வைக்கவேண்டியது அந்த ஒட்டு இடத்தில்.

பாரத்தைக் கணக்குப் போடும்போது 43ஐ இரண்டால் பிரித்து, ஒரு பிடிக்கு 21.5 கிலோ என்று விட்டுவிடக்கூடாது. ஒரு பாரத்தை மெல்ல மெல்ல ஏற்றுவது வேறு, திடீரென்று விடுவது வேறு. கொஞ்சமும் விழாமல், பிடியில் தொங்கும் பெட்டியைக் கையால் தாங்கி நின்றுவிட்டுச் சட்டென்று கையை எடுத்தாலே, அந்தக் கணத்தில் பிடிக்கு வருகிற விசை இரண்டு மடங்கு. படியில் கால் தடுக்கினால் அதைவிடக் கூட. ஒருவர் கைவிட்டால் முழுப் பாரமும் மற்றப் பிடிக்கு. ஆகவே ஒவ்வொரு பிடியும் முழுப் பெட்டியையும் தனியாக, உலுக்கலோடு, தாங்கவேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

எங்கே பூட்டுவது என்பதும் முக்கியம். ஸ்பீக்கரின் காந்தம்தான் பாரம், அது முன்பக்கப் பலகையில் தொங்குகிறது. எனவே பெட்டியின் எடை நடுவில் இல்லை, முன்பக்கம் தள்ளி இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு விளக்குமாற்றுத் தடி போதும். தடியை நிலத்தில் போட்டு, அதன் மேல் பெட்டியை நிற்கவைத்து, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நகர்த்துங்கோ. எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிற இடத்தில் சோக்கால் ஒரு கோடு. எங்கள் கோடு பெட்டியின் நடுவில் இருந்து நாலு விரல் முன்னால் வந்தது. பழைய பிடியோ சரியாக நடுவில். இத்தனை வருஷமும் தூக்கும்போதெல்லாம் பெட்டி முன்பக்கம் சரிந்து ஏன் முழங்காலில் இடித்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. உயரத்தில் பிடி எடையின் நடுவுக்கு மேலே இருக்கவேண்டும், கீழே இருந்தால் பெட்டி கவிழப் பார்க்கும். பழைய ஓட்டையை அடைத்துப் புதிதாக வெட்டுவது எங்கள் துகள்பலகைக்கு நல்லதில்லை என்று மாமா சொன்னார். அதனால் இடத்தை முழுவதாக மாத்தவில்லை. புதுப் பிடியின் கிண்ணம் கொஞ்சம் அகலம். கூடுதலாக வெட்டவேண்டியதை முழுவதும் முன்பக்கமாக வெட்டினோம். இரண்டு விரல் முன்னேறினோம். அதுவே கையில் தெரிகிறது.

கடைக்குப் போக முன் மூன்று அளவு எடுங்கோ: ஓட்டையின் நீள அகலம், பலகையின் தடிப்பு, உள்ளே காந்தமோ குறுக்குச் சட்டமோ முட்டாமல் இருக்கிற ஆழம். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுவார்கள். நாங்கள் எடுத்தது இரும்புக் கிண்ணம், ஸ்பிரிங் வைத்த பிடி, பிடிக்கு ரப்பர் உறை. உறை இல்லாத மெல்லிய கம்பி விரலை வெட்டும். பதினைந்து வயசுக் கையோ ஐம்பது வயசுக் கையோ, வலித்தால் கை தானாக விட்டுவிடும்.

இனி வேலை. பெட்டியைப் பின்பக்கம் படுக்கவைத்து, முன் வலையைக் கழற்றி, பிடிக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்பீக்கர்களை எடுக்கவேண்டும். எடுக்க முன் வயர்களைப் படம் எடுங்கோ, நேர்முனை வயரில் டேப் ஒட்டுங்கோ. நாலில் ஒன்றை மாறிப் பூட்டினால், மூன்று முன்னால் தள்ளும்போது ஒன்று பின்னால் இழுக்கும். பேஸ் மெலிந்துபோகும், ஏன் என்று தேடி இரவெல்லாம் மண்டை காயும். ஸ்க்ரூ கழற்றும்போது ஒரு கையை ஸ்பீக்கரின் காகிதத்துக்கு மேலே காவலாக வையுங்கோ. ஸ்க்ரூட்ரைவரைக் காந்தம் பிடித்து இழுக்கும். வழுக்கினால் நேரே காகிதத்தில் குத்தும். ட்ரைவரின் முனையும் பொருந்தவேண்டும். பிலிப்ஸ், போசிட்ரைவ் இரண்டும் பார்க்க ஒன்று மாதிரி. போசியில் கூட்டல் குறிக்கு நடுவே மெல்லிய நாலு கோடு இருக்கும். மாறிப் போட்டால் தலை அழியும். கழற்றின ஸ்பீக்கர் வேறு அறையில், துவாயால் மூடி. மரத்தூளும் இரும்புத்தூளும் காந்த இடுக்குக்குள் போனால் எடுக்கிறது லேசில்லை.

பழைய ஸ்க்ரூ ஓட்டைகளை அடைத்தோம். அதற்கு மூங்கில் குச்சி நல்லது, சாத்தேக்குக் கோழி குத்துகிற குச்சி. மரப்பசையில் தோய்த்து, ஓட்டை நிறைய அடித்து, காய்ந்த பிறகு மட்டமாக வெட்டவேண்டும். சின்னப் பாரத்துக்கு அதிலேயே திரும்ப ஸ்க்ரூ போடலாம், நல்லாப் பிடிக்கும். 43 கிலோவுக்கு நான் அதை நம்பமாட்டேன்.

நாங்கள் நம்பினது உட்பக்கச் சட்டம். 12 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் ஜன்னல் நிலை மாதிரி ஒரு சட்டம் வெட்டி, பிடியின் ஓட்டையைச் சுற்றி உட்பக்கமாகப் பசை பூசி, கவ்விகளால் இறுக்கி ஒரு இரவு விட்டோம். இப்போது பாரம் ஆறு புள்ளிகளில் விழாமல் ஒரு முழுச் சட்டத்தில் பரவுகிறது. பிறகு ஸ்க்ரூவுக்குப் பதில் எம்6 போல்ட். உட்பக்கம் 'டீ நட்', அதாவது வட்டத் தட்டும் அதில் நாலு பல்லும், நடுவில் மரையுள்ள குழாயும் இருக்கிற நட். பல் மரத்தில் கடித்துக்கொள்ளும், நட் சுற்றாது. பிடியை வெளியே வைத்து அதன் ஓட்டைகள் வழியாகவே குறி போட்டு, ட்ரில் நேராக நிற்கிறதா என்று ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கத் துளைத்தோம். உட்பக்கத்தில் மட்டும் நட்டின் குழாய் போகிற அளவுக்கு ஓட்டையை அகலமாக்கவேண்டும். நட்டைச் சுத்தியலால் அடிக்காதீங்கோ. வெளியே பெரிய வாஷர் போட்டு போல்ட்டை இறுக்கினால் அது தானாக மரத்துக்குள் இறங்கும், நேராகவும் இறங்கும். துகள்பலகை 18, ப்ளைவுட் 12, பிடியின் தகடு, நட்டின் தட்டு: எல்லாம் சேர்த்து 35 மில்லிமீட்டர் போல்ட் எங்களுக்குச் சரியாக இருந்தது.

அதிர்வில் போல்ட் கழராமல் இருக்க, நீல நிற மரைப்பசை ஒரு துளி. இரும்புப் பிடிக்குச் சரி. பிளாஸ்டிக் பிடி என்றால் அந்தப் பசை சில பிளாஸ்டிக்குகளை வெடிக்கவைக்கும், பாவிக்கவேண்டாம்.

பெட்டிக்கும் பிடிக்கும் நடுவில் காற்று போகக்கூடாது. ஸ்பீக்கர் உள்ளே வரும்போது பெட்டிக்குள் அழுத்தம் ஏறும். சின்ன இடுக்கு இருந்தால் அதன் வழியாகக் காற்று 'புஸ்' என்று சத்தம் போடும், ஆழமான ஸ்வரமும் மெலியும். ஓக்லாந்தில் பழைய வீட்டில் குளிர்காலம் பார்த்தவர்களுக்குக் கதவிடுக்கில் ஒட்டுகிற நுரை டேப்பைத் தெரிந்திருக்கும். அதையே பிடியின் ஓரம் சுற்றி ஒட்டினோம். சோதனைக்கு சாமியறையில் இருந்து ஒரு ஊதுபத்தி. ஸ்பீக்கரைத் திரும்பப் பூட்டி, ஈ கம்பியை விட்டுவிட்டுத் தட்டி, பத்தியைப் பிடியின் ஓரமாக மெல்லக் கொண்டுபோங்கோ. புகை நேராகப் போனால் நல்லது. ஓரிடத்தில் நடுங்கினால் அங்கே இடுக்கு. எங்களுக்கு வலப்பக்கக் கீழ்மூலையில் நடுங்கியது, டேப்பின் இரு முனையும் சேராமல் இருந்த இடம். துவாரம் இல்லாத, முழுவதும் மூடின பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி: ஒரு ஸ்பீக்கரை விரல்களால் சமமாக, மெல்ல உள்ளே அழுத்தினால் மற்றவை வெளியே வரும். உள்ளே அறைகளாகப் பிரிக்காத பெட்டியாக இருந்தால்தான் இது சரிவரும்.

ஸ்பீக்கர் ஸ்க்ரூக்களைத் திரும்பப் பூட்டும்போது முதலில் இடப்பக்கமாக, கழற்றுகிற திசையில் மெல்லச் சுற்றுங்கோ. 'டிக்' என்று ஒரு சின்ன இறக்கம் விரலில் தெரியும். அதுதான் பழைய மரையின் வாய். அங்கிருந்து வலப்பக்கம் சுற்றினால் ஸ்க்ரூ தன் பழைய பாதையிலேயே போகும், மரம் புதிதாக அழியாது. முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் தந்திரம். ஐகியா சாமானுக்கும் உதவும்.

கடைசியாகக் கிடுகிடுப்பு. ஸ்பிரிங் பிடி சில ஸ்வரங்களுக்குக் கூடச் சேர்ந்து பாடும். போனில் ஒலி உண்டாக்குகிற செயலி ஒன்றை ஆம்பில் போட்டு, 40 ஹெர்ட்ஸில் இருந்து 200 வரை மெல்ல ஏற்றினோம். இடப்பக்கப் பிடி 90க்குக் கிட்ட நடுங்கியது. பிடி வந்து இருக்கிற இடத்தில் நுரைத் துண்டு ஒன்று ஒட்டினோம், நின்றுவிட்டது.

தூக்குவதைப் பற்றியும் எழுதவேண்டும். அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நயோஷின் தூக்கும் கணக்கில், எல்லாம் வசதியாக இருந்தால் ஒரு ஆளுக்கு 23 கிலோ. நெஞ்சோடு ஒட்டி, இடுப்பு உயரத்தில், திரும்பாமல், நல்ல பிடியோடு என்றால்தான் அந்த 23. படி, இருட்டு, ஈரப் புல் வந்தால் அளவு குறைந்துகொண்டே போகும். எங்கள் 21.5 அதற்குக் கொஞ்சம்தான் கீழே. எனவே இரண்டு பேருக்குக் குறைந்து தூக்குவதில்லை. படி என்றால் மூன்றாவது ஆள் முன்னால் வழி பார்க்கவேண்டும். கீழ்ப்படியில் நிற்பவருக்குத்தான் பாரம் கூட, அங்கே பெரியவர்கள் நிற்கவேண்டும். இதுவரை சின்னவர்களைத்தான் விட்டிருந்தோம், "அவங்களுக்கு முதுகு நல்லாயிருக்கு" என்று. அது இனி இல்லை. நியூ லின் ஸ்டேஷன் மாதிரிப் பள்ளத்தில் இறங்கவேண்டிய இடத்தில் லிஃப்டுக்குக் காத்து நிற்கிறோம், வெட்கப்பட ஒன்றுமில்லை. செருப்போடு தூக்குவதும் இல்லை.

காம்போ வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருந்தால், பின்பலகையைக் கழற்ற முன் கரண்ட் வயரைச் சுவரில் இருந்து பிடுங்கவேண்டும். வால்வ் ஆம்ப் என்றால் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கிற கபாசிட்டர்களில் ஆளைக் கொல்லுகிற அளவு மின்சாரம் தேங்கி நிற்கலாம். அதன் பிடி ஆம்ப் இருக்கிற பகுதிக்குள் பூட்டியிருந்தால் நீங்கள் திறக்காதீங்கோ, ஆம்ப் திருத்துகிறவரிடம் குடுங்கோ.

பூட்டி முதல் இரண்டு நிகழ்ச்சிக்குப் பிறகு போல்ட் எல்லாவற்றையும் ஒரு தடவை கையால் பாருங்கோ. நுரை டேப் அமுங்குவதால் கொஞ்சம் தளரும். எங்களுக்கு பன்னிரண்டில் மூன்று கால் சுற்று இறங்கின. இறுக்கி, தலைக்கும் தகட்டுக்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவைத்தோம். கோடு விலகினால் கழர்கிறது என்று தூரத்தில் நின்றே தெரியும். நகப்பூச்சு அம்மாவுடையது, சிவப்பு.